வள்ளத்தை மறைத்த கடதாசி

போன மாதம் எங்கள் பழைய கடையில் வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அகலமான தலை, அதற்குள் வரிசையாகத் தகட்டுப் பற்கள், பின்னால் விரல் தடிப்பில் ஒரு வயர். "இது என்ன சாமான்? பழைய பெட்டிக்குள்ள கிடந்தது. எறியவோ?" என்று இப்போது அந்தக் கடையைக் கைபேசிக் கடையாக நடத்துகிறவர் கேட்டிருந்தார். ஒருவர் அது கணினி வயர் என்றார். இன்னொருவர் ஏதோ காருக்குரியது என்றார். நான்தான், "அது ஸ்கார்ட் வயர். பிரான்சிலயும் ஜேர்மனியிலயும் இருந்து வந்த வீடியோ டெக்குகளோட வந்தது. தாராளமா எறியுங்கோ" என்று எழுதினேன். குழுவில் எல்லாருக்கும் ஏமாற்றம். அந்த வயரைக் கண்டதும் நான் கண்ணீர் விடுவேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

கண்ணீர் விட ஒன்றுமில்லை. இப்போது என் வீட்டு ரீவிக்குப் பின்னால் ஒரே ஒரு வயர் போகிறது. படமும் சத்தமும் அதிலேயே வருகின்றன. செருகிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். அந்தக் காலத்து வயர்ச் சிக்கலுக்குள் குனிந்து குனிந்து என் இடுப்பும் நாரியும் போனது எனக்குத்தான் தெரியும். ஆனாலும் குழுவில் இருக்கிற பிள்ளைகள் விடவில்லை. "அக்கா, மணியண்ணையைப் பற்றி எழுதுங்கோ, அந்த வள்ளக் கசெற்றைப் பற்றி எழுதுங்கோ" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். சரி, எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்ததே தையல் வகுப்பில் இடமில்லாமல் போனதால்தான். வவுனியாவில் பெண்களுக்குத் தொழில் பழக்கும் இடத்தில் தையலுக்குப் பெரிய வரிசை நின்றது. வானொலி, தொலைக்காட்சி திருத்தும் வகுப்பில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. போய் இருந்துவிட்டேன். ஈயம் உருக்கும் மணம் எனக்குப் பிடித்துக்கொண்டது. சண்டை முடிந்து, பாதை திறந்து சனங்கள் ஊர்களுக்குத் திரும்பியபோது நானும் மாங்குளத்துக்கு வந்து, சந்தியடியில் மணியண்ணை திறந்த கடையில் சேர்ந்தேன். முல்லைத்தீவு வீதி கண்டி வீதியில் வந்து ஏறுகிற இடம் அது. இரண்டு பக்கத்துச் சாமான்களும் எங்கள் வாசலுக்குத்தான் வந்தன.

எங்கள் சனம் உலகம் முழுக்கப் போய் இருந்தது. அவர்கள் அனுப்பிய சாமான்களும் அந்தந்த நாட்டு வாயோடு வந்து சேர்ந்தன. பிரான்சில் இருந்து வந்த டெக்குக்கு இந்தச் சீப்புத் தலை வயர். சிங்கப்பூர் ரீவிக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைகள். புதுக் கமராவுக்கு நான்கு ஊசி உள்ள உருண்டைத் துளை. வீட்டில் இருக்கும் பழைய ரீவிக்கோ அன்ரெனா செருகுகிற ஒரே ஒரு துவாரம். இவற்றை ஒன்றோடொன்று கதைக்க வைப்பதுதான் எங்கள் பிழைப்பு.

மணியண்ணை இதைச் சம்பந்தம் பேசுவது என்பார். கையில் வயரைக் கொடுத்தால் முதல் கேள்வி, "மாப்பிள்ளை ஆர், பொம்பிளை ஆர்?" நடுவில் போடும் அடப்டருக்கு அவர் வைத்த பெயர் தரகர். "தரகர் நல்லவராத் தெரிவார் பிள்ளை. ஆனா எதைச் சொல்லாமல் விட்டவர் எண்டு பார்க்கவேணும்" என்பார்.

அதன் அர்த்தம் எனக்கு ஒரு கலியாண வீட்டுப் படத்தில் விளங்கியது. படப்பிடிப்பாளர் ஒருவர் ஓடி வந்தார். புதுக் கமரா, புது அடப்டர், ஆனால் கூறைச் சேலை முதல் வாழையிலை வரை எல்லாம் கறுப்பு வெள்ளை. கமரா பழுது என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மணியண்ணை கமராவைத் தொடவே இல்லை. அந்த நான்கு ஊசித் துளையில் வெளிச்சம் ஒரு வயரிலும் நிறம் இன்னொரு வயரிலும் தனித்தனியாக வரும். மஞ்சள் வயரில் இரண்டும் ஒன்றாகப் போகவேண்டும். படப்பிடிப்பாளர் வாங்கிய அடப்டர் வெளிச்சத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நிறத்தை வழியில் விட்டுவிட்டது. "தரகர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்" என்று சிரித்தபடி மணியண்ணை அதை என்னிடம் எறிந்தார். நான் அதைப் பிரித்து, நிற வயரையும் ஒரு குட்டிக் கப்பாசிட்டர் வழியாக மஞ்சளோடு சேர்த்து ஈயம் வைத்தேன். கூறை சிவந்தது. நான் தனியாகச் செய்த முதல் வேலை அது. அன்று முழுக்க நான் மிதந்துகொண்டு திரிந்தேன்.

மணியண்ணை குறுகிய, தடித்த மனிதர். சாரமும் கைமடித்த சேட்டும். கோபம் வந்தால் கத்தமாட்டார். எங்களைப் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' போட்டு அழைப்பார். அதுதான் பயம். கடையில் அவருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. கசெற்றோடு யார் வந்தாலும், அதைப் பெட்டியிலிருந்து எடுக்க முன்னர், "இதில ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்பார். அவர்கள் சொல்லி முடியும்வரை வயரைத் தொடமாட்டார். அந்தக் காலத்தில் கசெற்றில் இருக்கிற எல்லாரும் வெளியில் உயிரோடு இருக்கவில்லை. படம் திடீரென்று வந்து முகத்தில் அடிக்கக்கூடாது, ஆட்கள் முதலில் வாயால் சொல்லித் தங்களைத் தயார் செய்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

மற்றது கண்ணாடி. வயர்கள் எல்லாம் ரீவிக்குப் பின்னால்தானே. அங்கே இருந்து வேலை செய்கிற ஆளுக்குத் திரை தெரியாது. அதனால் முன்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, அதில் திரையைப் பார்த்தபடி சரிசெய்வோம். படம் ஒழுங்காக வந்ததும் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிடவேண்டும். "வரும்வரைக்கும் எங்கட படம். வந்தாப்பிறகு அவையின்ர" என்பார். இதனால் நான் எத்தனையோ பேரின் கலியாணத்தையும் திருவிழாவையும் பார்த்ததே இல்லை. பார்த்தது படம் பார்க்கிறவர்களின் முகங்களை மட்டும்தான்.

அப்படி ஒருநாள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து மூன்று பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சூசையப்பு என்று ஒரு பெரியவர், அவர் மனைவி ரீற்றம்மா, மகன் மரியதாஸ். சூசையப்பு இடம்பெயர்வுக்கு முன்னர் சொந்த வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. கரையில் எல்லாரும் அவரைச் சம்மாட்டியார் என்றுதான் கூப்பிடுவார்களாம். இப்போது மகன் புதிதாக ஒரு வள்ளம் வாங்கியிருந்தார். அதற்கு என்ன நிறம் பூசுவது என்பதில்தான் வீட்டில் பிடுங்குப்பாடு.

பெரியவர், பழைய வள்ளத்தைப் போல பச்சை பூசி மஞ்சள் பட்டி போடச் சொன்னார். மகன், பழைய வள்ளம் நீலம் என்றுதான் தனக்கு நினைவு என்றார். கனடாவில் இருக்கும் ஒரு உறவினர் சண்டை நின்றிருந்த காலத்தில் வந்தபோது, கரையில் சுவாமி என்று அழைக்கும் பாதிரியார் அந்த வள்ளத்தை மந்திரித்த நாளைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். அதைக் கேட்டு எடுப்பித்து, மகனின் நண்பர் ஒருவர் வீட்டில், கனடாக் கசெற்றும் ஓடுகிற ரீவியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வள்ளம் நீலமாக இருந்தது.

பிடுங்குப்பாடு நிறத்தோடு மட்டும் நின்றிருந்தால் அவர்கள் மாங்குளத்துக்கு வந்திருக்கமாட்டார்கள். மகன் என்னையும் மணியண்ணையையும் ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அப்பாக்கு நினைவு தவறுது. முகாமில இருக்கேக்க வேற ஆக்களின்ர கூடாரத்துக்க போய்ப் படுத்தவர். இப்ப தன்ர வள்ளத்தின்ர நிறமே மாறிப்போச்சு. இந்த மனிசனைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்க கரை எந்தப் பக்கம் எண்டு மறந்தா நான் என்ன செய்ய? வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அவர் நாலு நாளாச் சாப்பிடேல்லை."

"கசெற்றில பச்சையா இருந்தா?" என்று மணியண்ணை கேட்டார்.

"பச்சையெண்டா கூட்டிக்கொண்டு போவன். ஆனா நான் என்ர கண்ணால பாத்தனான், அண்ணை."

அவர் கெட்ட மகன் இல்லை. பயந்த மகன். இதற்குள் கதவடியில் நின்ற பெரியவர், தன் கைகளைச் சாரத்தில் துடைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மணியண்ணை தன் வழமைக் கேள்வியைக் கேட்டார். பெரியவர் ஒவ்வொருவராகச் சொன்னார். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் சுவாமி, பக்கத்தில் ரீற்றா, பின்னால் தன் தம்பி, அவன் தோளில் தம்பியின் மகள். சொல்லும்போது தம்பியின் பெயரில் குரல் இறங்கியது. அதிலே நினைவு தவறிய ஆளை நான் காணவில்லை.

கசெற் கனடா முறையில் பதிவானது. எங்கள் பக்கத்துச் சாதாரண ரீவிகளில் நேராகப் போட்டால் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். அதற்கென்று கடையில் ஒரு மாற்றுப் பெட்டி வைத்திருந்தோம். டெக்கிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ரீவிக்கு. அந்தப் பெட்டியில் நிறத்துக்கு ஒரு குமிழ் இருந்தது. கனடா முறையில் ஒரு சள்ளை உண்டு. நிறங்கள் தங்கள் இடத்தை விட்டு நகர்ந்துவிடும், குமிழைச் சுற்றித்தான் திரும்பக் கொண்டுவரவேண்டும். நகரும்போது ஒன்று மட்டும் தனியாக நகராது, எல்லாம் சேர்ந்தே நகரும். எல்லாரும் ஒரு கதிரை தள்ளி இருப்பதுபோல, சிவப்பு மஞ்சளின் பக்கம் போகும், மஞ்சள் பச்சையின் பக்கம் போகும், பச்சை நீலத்தின் பக்கம் போகும்.

படம் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வள்ளம் நீலம்தான். ஆனால் சுவாமி உட்பட எல்லாருடைய முகமும் மஞ்சள்காமாலை வந்ததுபோல இருந்தது.

"பாத்தீங்களோ" என்றார் மகன். பெரியவர் எழும்பி வாசல் பக்கம் போனார்.

நான் வழமைபோலக் குமிழைச் சுற்றி முகங்களைச் சரியாக்கினேன். முகம் முகமாக வர, வள்ளமும் மெல்லப் பச்சைக்கு வந்தது. "ஐயா, வந்து பாருங்கோ" என்று கத்திவிட்டேன். பெரியவரின் முகம் விரிந்த விரிப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் மகன் அசையவில்லை.

"அக்கா, நீங்க சுத்தினா எந்த நிறமும் வரும்தானே? இன்னும் கொஞ்சம் சுத்துங்கோ, சிவப்பும் வரும்."

"முகத்தைப் பாருங்கோ தம்பி, இப்பதானே சரியா இருக்கு."

"வெயிலுக்க நிண்ட முகம் எப்பிடி இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும்? நீங்க அப்பாவில இரக்கப்பட்டுச் சுத்துறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. மணியண்ணைதான் டெக்கை நிறுத்திவிட்டு, "நல்ல கேள்வி" என்றார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே சொன்னார். பிறகு மேசையில் கிடந்த பார்சலின் மண்ணிறக் கடதாசியைக் கிழித்து எடுத்தார்.

"தம்பி, வள்ளத்தை இந்தக் கடதாசியால மூடிப்போட்டு மற்றதெல்லாத்தையும் வைச்சு நிறம் பிடிப்பம். பிறகு கடதாசியை எடுப்பம். அப்ப வள்ளம் என்ன நிறமோ அதுதான். ஆனா எதை வைச்சுப் பிடிக்கிறது எண்டு நீர்தான் சொல்லவேணும். ஒருத்தரும் மறுத்துக் கதைக்க ஏலாத சாமானாச் சொல்லும்."

"சுவாமியின்ர அங்கி. வெள்ளை."

"வெள்ளை உதவாது. எந்தப் பக்கம் சுத்தினாலும் அது வெள்ளையாத்தான் நிக்கும். நிறமுள்ள சாமான் சொல்லும்."

படத்தில் தெரிந்த பூமாலையில் என்ன பூ என்பதில் தகப்பனும் மகனும் முரண்பட்டார்கள். கொடியின் நிறத்திலும் முரண்பட்டார்கள். அதுவரை மூலைக் கதிரையில் பையை மடியில் வைத்தபடி இருந்த ரீற்றம்மா அப்போதுதான் வாய் திறந்தார்.

"என்ர சீலை கத்தரிப்பூ நிறம். அண்டைக்கு உன்ர சினேகிதன் வீட்டில அது ரோஸா தெரிஞ்சது. நான் நினைச்சன், இது நான் உடுத்த சீலை இல்லையே எண்டு."

எல்லாரும் திரும்பினோம். மகன், "ஏனம்மா அப்பவே சொல்லேல்லை?" என்றார்.

"ஆர் என்னட்டக் கேட்டது? நீங்கள் ரெண்டு பேரும் வள்ளத்தைத்தானே பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

மகன் மணியண்ணையிடம் திரும்பி, "அந்தச் சீலை இப்பவும் இருக்கு, அண்ணை. கூடாரத்தில மறைப்பாக் கட்டித் தொங்கவிட்டது. எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். "அப்ப அதைக் கொண்டாங்கோ" என்றார் மணியண்ணை. அன்று அவர்கள் கசெற்றைக் கடையில் விட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த கிழமை சேலையோடு வந்தார்கள். வெயிலில் தொங்கிய துணி வெளுத்துச் சாம்பல் பிடித்திருந்தது. ஆனால் ரீற்றம்மா பல்லால் நூலைக் கடித்து, கரையோரம் அடித்திருந்த மடிப்பைப் பிரித்தார். உள்ளே வெயில் படாத ஒரு விரலகலத் துணிக் கீலம். கத்தரிப்பூ என்றால் அப்படியே கத்தரிப்பூ.

வள்ளம் மந்திரித்த அன்றைக்கு, படம் எடுத்த உறவினர் கமராவை மீன் பெட்டி ஒன்றின் மேல் வைத்துவிட்டுச் செபத்துக்குப் போயிருக்கிறார். அதனால் படம் அசையாமல் நின்றது எங்கள் நல்ல காலம். மணியண்ணை வள்ளத்தின் அளவுக்குக் கடதாசியை வெட்டித் திரையில் வைத்தார். அந்தக் காலத்து ரீவிக் கண்ணாடி கடதாசியைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு குமிழை வேண்டுமென்றே தாறுமாறாகச் சுற்றி விட்டுவிட்டு, என்னைப் பின்னால் போய் இருக்கச் சொன்னார்.

எனக்கு ஏற்கனவே தெரியும், எந்த இடத்தில் வள்ளம் நல்ல பச்சையாக வரும் என்று. கை அந்தப் பக்கம் இழுத்தது. பெரியவர் தாடி சேவ் எடுத்து, வெள்ளைச் சேட் போட்டு, கோயிலுக்கு வருகிறவர்போல வந்திருந்தார். இப்போது நிறம் பிழையாக வந்தால் அவர் இனிக் கரையில் இருந்து மகனின் வள்ளம் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? மணியண்ணைக்கு என் மனம் தெரிந்திருக்கவேண்டும். கிட்ட வந்து குனிந்து, "உங்கட கைக்கு வள்ளம் தெரியாது, தங்கச்சி அவர்கள்" என்றார். அந்த 'அவர்கள்' போதும்.

ரீற்றம்மா மடிப்புக் கீலத்தைத் திரையில் தன் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். நான் சுற்றினேன். கண்ணாடியில் அவர் சேலை சிவந்தது, ரோஸானது, பிறகு ஊதாவுக்கு நகர்ந்தது.

"இல்லை. இன்னும் வரேல்லை" என்றார். "இப்ப கூடிப்போச்சு. திரும்பி வா, பிள்ளை. மெல்ல. மெல்ல. நில்லு."

கையை நிறுத்தினேன்.

"இதுதான் நான் உடுத்தது" என்றார்.

மகன் குனிந்து திரையைப் பார்த்தார், கீலத்தைப் பார்த்தார், மீண்டும் திரையைப் பார்த்தார். "ஓம்" என்றார். மணியண்ணை என் கையைக் குமிழிலிருந்து எடுக்கச் சொன்னார். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். சட்டம் சட்டம்தான், அன்றைக்கும் விலக்கு இல்லை. எனக்கு அவர் மேல் அவ்வளவு எரிச்சல் வந்தது வேறெப்போதும் இல்லை.

கடதாசி திரையிலிருந்து கழன்ற சத்தம் படபடவென்று கேட்டது. எனக்குத் தெரிந்தது மூன்று முகங்கள். ரீற்றம்மா திரையைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். மகன் வாயைக் கொஞ்சம் திறந்தபடி நின்றார். பெரியவர் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மகன் தொண்டையைச் செருமினார்.

"அப்பா, வாற கிழமை காத்து எப்பிடி இருக்கும்?"

பெரியவர் சேட் கைவிளிம்பால் மூக்கைத் துடைத்தார். "வாடைக் காத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. போகலாம்" என்றார். நான் ரீவிக்குப் பின்னால் வயர்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன். மணியண்ணை என்னைக் காணாததுபோலத் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டார்.

ஒரு வள்ளத்தின் நிறம் நினைவிருப்பதால் ஒருவர் கடலுக்குப் போகத் தகுதியானவர் ஆகிவிடுவாரா என்று குழுவில் ஒரு பிள்ளை முன்பு கேட்டது. ஆகமாட்டார்தான். மகனுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் தகப்பனை நம்புவதற்கு அவருக்கு ஒரு காரணம், ஒரு சாட்டு தேவைப்பட்டது, அதைக் கடதாசி கொடுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். சூசையப்பு அதற்குப் பிறகு பல காலம் மகனோடு போனார், ஒழுங்காகத் திரும்பியும் வந்தார்.

நான் அந்தக் கசெற்றைப் பிறகும் முழுதாகப் பார்க்கவில்லை. மணியண்ணை காலமாகி, நானும் வேலையை விட்ட பிறகு, ஒரு திருவிழாவுக்கு அந்தக் கரைப் பக்கம் போக நேர்ந்தது. வலை காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் மரியதாஸின் வள்ளம் மணலில் ஏற்றிக் கிடந்தது. பச்சை. நல்ல பாசிப் பச்சை. ஆனால் சுற்றிவரப் போட்டிருந்த பட்டி மஞ்சள் இல்லை, கத்தரிப்பூ நிறம்.

ரீற்றம்மா என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். நான் பட்டியைக் காட்டி, "மஞ்சளெல்லோ போட இருந்தது, அம்மா?" என்று கேட்டேன்.

அவர் வள்ளத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த முறை என்னட்டயும் கேட்டவை, பிள்ளை."